கலேவெலத் தண்ணியும் கேத்தலில் பிடிக்கும் வெள்ளைக் கல்லும்



வேலைக்காகவும் கலியாணம் முடித்தும் மாத்தளை மாவட்டத்தின் வடக்குப் பக்கம் போய் இருக்கும் நமது பிள்ளைகள் இன்று நிறையப் பேர். கலேவெல டவுனில் கடைகளில் நிற்கிறார்கள். தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை தூக்குகிறார்கள். சிலர் அங்கேயே ஒரு துண்டுக் காணி வாங்கி வீடும் கட்டிவிட்டார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டத்துக்கு வரும்போது அவர்கள் எங்களிடம் சொல்லும் குறைகளில் ஒன்று தண்ணியைப் பற்றியது. "ஐயா, புதுக் கேத்தல் வாங்கி ஆறு மாசம் ஆகல்ல. உள்ளுக்கு எல்லாம் வெள்ளைக் கல்லு. இப்ப தண்ணி கொதிக்க முந்தியே டக்கென்று நின்னு போகுது" என்கிறார்கள். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்பது சிலரின் கோபம். அந்தத் தண்ணியைக் குடித்தால் கிட்னி போய்விடும் என்பது சிலரின் பயம்.

கேத்தல் கெடுவது ஒரு விஷயம், கிட்னி பயம் இன்னொரு விஷயம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்வதால், கேத்தலும் கெடுகிறது, தண்ணியில் உண்மையாகப் பார்க்க வேண்டியதும் பார்க்கப்படாமல் போகிறது. ஆகவே இந்த முறை தண்ணியைப் பற்றியே எழுதுகிறோம். தோட்டத்தில் இருப்பவர்களும் படியுங்கள். தவணைக்கு எடுத்த கேத்தலையும் குக்கரையும் அங்கே இருக்கும் மகளுக்குக் கொடுத்து அனுப்புவது நீங்கள்தானே.

பீலித் தண்ணியும் கிணற்றுத் தண்ணியும்

எல்கடுவ, ரத்தோட்டப் பக்கத்து மலைகளில் நாங்கள் குடிப்பது பீலித் தண்ணி. மழை பெய்கிறது, கருங்கல் இடுக்கால் இறங்குகிறது, ஓடையாகி பீலிக்கு வந்துவிடுகிறது. மண்ணுக்குள் அது அதிக நாள் தங்குவதில்லை. மழையும் அதிகம். அதனால் கல்லில் இருந்து கரைந்து வருவது கொஞ்சம்தான். சவர்க்காரம் போட்டால் உடனே நுரைக்கும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்கு மென்னீர் என்று பெயர்.

கலேவெலவில் கதை வேறு. அங்கே மழை குறைவு, வெயில் அதிகம். வருஷத்தில் பெரிய மழை என்றால் ஐப்பசி தொடக்கம் தை வரை வரும் வடகிழக்குப் பருவ மழைதான். நிலத்துக்குள் இறங்கிய தண்ணி கற்களின் வெடிப்புகளில் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நின்று, கல்லில் உள்ள கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொள்கிறது. வெயிலில் தண்ணி ஆவியாகப் போனாலும் கரைந்த பொருள் போவதில்லை. இப்படி உண்டாகும் தண்ணிதான் வன்னீர். அந்தப் பக்கத்துச் சிங்கள மக்கள் 'கிவுல் வத்துர' என்பார்கள். யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் வன்னீர்தான், ஏனென்றால் அந்தக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. லண்டனிலும் குழாயில் வன்னீர் வருகிறது. ஆகவே இது கலேவெலவுக்கு மட்டும் வந்த சாபம் இல்லை.

இந்தக் கல்சியமும் மக்னீசியமும் நமக்குப் புதியவை அல்ல. கவ்வாத்து வெட்டும் காலத்தில் மலைக்கு டொலமைட் போடுகிறோம் அல்லவா? அந்தத் தூள் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த காபனேற்றுக் கல்லை அரைத்தது. மாத்தளைப் பகுதியிலேயே அந்தக் கல்லை உடைக்கிறார்கள். கேத்தலில் பிடிப்பதும் ஏறத்தாழ அதே சாதிப் பொருள்தான். மண்ணின் புளிப்பைக் குறைக்க நாங்கள் காசு கொடுத்து வாங்கிப் போடுவதை அவர்களுக்குக் குழாய் இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்கிறது.

எல்லாக் குழாயிலும் ஒரே தண்ணி வருவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1976இல் பொல்கொல்லையில் மகாவலியைத் திருப்பி, சுரங்க வழியாக உக்குவெலவுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு 1981இல் போவத்தென்ன அணை கட்டி, அங்கிருந்து தம்புள்ளப் பக்கம் தண்ணி கொடுத்தார்கள். அது மலை மழைத் தண்ணி. ஆற்றில் இருந்தோ குளத்தில் இருந்தோ எடுத்துச் சுத்தம் செய்து விடும் குழாய்த் தண்ணியில் பெரும்பாலும் வன்மை குறைவாக இருக்கும். ஆழ்குழாய்க் கிணற்றில் இருந்து தாங்கிக்கு ஏற்றி விடும் தண்ணியில் அதிகமாக இருக்கும். ஒரே ஊரில் இரண்டு வீட்டுக் கேத்தல் இரண்டு விதமாக இருப்பதற்கு இதுவும் காரணம். குடியிருக்கப் போகும்போது வீட்டு வாடகையைக் கேட்பது போல "இந்தக் குழாய்த் தண்ணி எங்கே இருந்து வருகிறது" என்றும் கேளுங்கள்.

கேத்தலுக்குள் நடப்பது

தண்ணியில் கல் எப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது? மண்ணில் உள்ள காபனீரொட்சைட்டு வாயு தண்ணியில் கலந்து, தண்ணியைக் கொஞ்சம் புளிப்பாக்குகிறது. அந்தப் புளிப்பில்தான் சுண்ணாம்புக் கல் கரைந்து நிற்கிறது. தண்ணியைச் சூடாக்கினால் வாயு பறந்து போகிறது. வாயு போனதும் கல்லுக்குக் கரைந்து நிற்க வழியில்லை. மறுபடி கல்லாகி, சூடு அதிகமான இடத்தில் முதலில் ஒட்டிக் கொள்கிறது. கேத்தலில் சூடு அதிகமான இடம் அடித்தட்டு அல்லது சுருள் கம்பி. அதனால்தான் படை அங்கே பிடிக்கிறது. கொதிக்க வைத்தால் இப்படிப் படிந்து போகும் பகுதியைத் தற்காலிக வன்மை என்பார்கள். கொதித்தாலும் படியாமல் தண்ணியிலேயே நிற்பது நிரந்தர வன்மை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றரை லீற்றர் கேத்தலை ஒரு நாளைக்கு 5 தரம் கொதிக்க வைத்தால் ஏழரை லீற்றர். ஒரு லீற்றரில் இருந்து 100 மில்லிகிராம் மட்டும் படிந்தாலும் ஒரு நாளைக்கு 750 மில்லிகிராம், 30 நாளைக்கு 22 கிராமுக்கு மேல். ஐந்து தேக்கரண்டி சீனியின் எடை அது. ஒரு மாசத்தில் ஐந்து தேக்கரண்டி கல்லுத் தூளை அடித்தட்டில் பூசி வைத்திருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தப் படை அலுமினியத்தை விட ஏறத்தாழ நூறு மடங்கு மோசமாகவே சூட்டைக் கடத்தும். கீழே கம்பி சூடாகிறது, மேலே தண்ணிக்கு அந்தச் சூடு வேகமாகப் போய்ச் சேருவதில்லை. கம்பியும் தட்டும் அளவுக்கு மிஞ்சிச் சூடாகின்றன. தண்ணி இல்லாமல் கேத்தல் எரிந்து போகக் கூடாது என்று அடியில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். அது இந்தச் சூட்டைப் பார்த்து, உள்ளே தண்ணி இல்லை என்று எண்ணி கரண்டை வெட்டிவிடுகிறது. "கொதிக்க முந்தியே நின்னு போகுது" என்பதற்கு முக்கியமான காரணம் இதுதான். இப்படி நின்று நின்று வேலை செய்தால் சுவிட்சும் தேய்கிறது, கம்பியும் ஒரு நாள் எரிகிறது. வாளிக்குள் போடும் ஹீட்டர் கம்பியின் கதையும் இதே. குளியல் அறையில் பூட்டும் சுடுதண்ணி ஹீட்டர் இன்னும் மோசம், உள்ளே பிடிப்பது கண்ணுக்கே தெரியாது.

படை பிடித்த கேத்தலால் கரண்ட் பில் இரண்டு மடங்காகும் என்று சிலர் சொல்கிறார்கள். அது மிகை. கம்பி தண்ணிக்குள்ளேயே இருப்பதால், கொஞ்சம் பிந்தினாலும் சூட்டில் பெரும்பகுதி தண்ணிக்குத்தான் போக வேண்டும். பில் கொஞ்சம் கூடலாம். உண்மையான நஷ்டம், மூன்று நாலு வருஷம் உழைக்க வேண்டிய பொருள் ஒரு வருஷத்தில் குப்பைக்குப் போவது. தவணை முடிய முந்தியே பொருள் முடிந்து போகிறது.

அயன்பெட்டியில் ஸ்டீம் வரும் வகை என்றால் அதன் சின்னத் துவாரங்கள் அடைபட்டு, வெள்ளைச் சட்டையில் சுண்ணாம்புத் துணுக்கு விழும். சாதாரண அயன்பெட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. துணி துவைக்கும் மெசினில் பச்சைத் தண்ணியில் மட்டும் துவைத்தால் படை குறைவு. சுடுதண்ணி போடும் மெசினில் உள்ளே ஹீட்டர் கம்பி உண்டு, அது பிடித்துக் கொள்ளும். குழாய் வாயில் உள்ள சல்லடை அடைபட்டு தண்ணி நூலாக வருவதும் இதனால்தான். கழற்றி ஊற வைத்தால் சரி.

பிரஷர் குக்கரைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் காசு நஷ்டம் மட்டும் இல்லை, உயிர் ஆபத்தும் இருக்கிறது. குக்கர் மூடியில் விசில் உட்காரும் குழாயின் துளை மிகச் சின்னது. சுண்ணாம்பும் பருப்பு நுரையும் சேர்ந்து அதை அடைத்தால் ஆவி வெளியேற வழியில்லை. ஒவ்வொரு தரமும் அடுப்பில் வைக்க முன் மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, துளையால் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் ஊசியால் குத்தித் துப்புரவு செய்த பிறகுதான் அடுப்பில் வைக்க வேண்டும். இதை வீட்டில் உள்ள பெரிய பிள்ளைகளுக்கும் பழக்கி விடுங்கள்.

தேத்தண்ணி, பருப்பு, சவர்க்காரம்

தோட்டத்தில் இருந்து நல்ல தூளைக் கொண்டுபோய் அங்கே ஊற்றினால் தேத்தண்ணி மங்கலாக, மேலே ஒரு ஆடையோடு வருகிறது என்று சொல்லாத ஆள் இல்லை. தூளில் குறை இல்லை. 1993இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் மைக்கேல் ஸ்பைரோ, ஜகான்யி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த ஆடையை எடுத்துச் சோதித்தார்கள். தண்ணியில் உள்ள கல்சியமும் பைகாபனேற்றும், தேயிலைச் சாயமும், காற்றும் சேர்ந்து இது உண்டாகிறது என்று கண்டார்கள். கொஞ்சம் எலுமிச்சம் புளி விட்டால் ஆடை வராது. பிளேன்டிக்கு எலுமிச்சை பிழிந்து குடிக்கும் நமது பழக்கம் அங்கே இன்னும் பொருத்தம். பால் தேத்தண்ணி குடிப்பவர்கள், தண்ணியை ஐந்து பத்து நிமிஷம் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆற விட்டு, அடியில் வெள்ளை படிந்த பிறகு மேல் தண்ணியை வடித்து எடுத்துப் பயன்படுத்தலாம். விறகும் கேஸும் செலவாகும் வேலை இது. தேத்தண்ணிக்கு மட்டும் செய்தால் போதும், எல்லாத் தண்ணிக்கும் செய்யத் தேவையில்லை.

பருப்பும் கடலையும் வேகாமல் கல்லு மாதிரிக் கிடப்பதும் கல்சியத்தால்தான். முதல் நாள் இரவே மழைத் தண்ணியில் ஊறப் போடுங்கள்.

சவர்க்காரக் கணக்கு இன்னும் பெரியது. ஒரு லீற்றரில் 300 மில்லிகிராம் வன்மை உள்ள தண்ணி என்றால், 10 லீற்றர் வாளி ஒன்றுக்கு ஏறத்தாழ 18 கிராம் சவர்க்காரம் நுரை வர முந்தியே கல்சியத்தோடு சேர்ந்து அழுக்குத் தயிராகப் போய்விடும். நூறு கிராம் கட்டி ஒன்று ஐந்தாறு வாளியில் கரைந்து போகும். வாளிக்கு ஒரு தேக்கரண்டி சலவைச் சோடாவைக் கரைத்துக் கொஞ்ச நேரம் விட்டு, பிறகு துணியைப் போட்டால் சவர்க்காரம் மிச்சமாகும். கம்பளித் துணிக்கும் பட்டுக்கும் சோடா வேண்டாம். சோடா போட்ட தண்ணியைக் குடிக்கவும் சமைக்கவும் கூடாது. கடையில் விற்கும் சலவைத் தூளில் இது போன்ற பொருள் முன்பே சேர்த்திருப்பதால், அங்கே கட்டியை விடத் தூள் இலாபம்.

கேத்தலைக் கழுவும் முறை

கத்தியால் சுரண்டாதீர்கள். தட்டில் கீறல் விழுந்தால் அடுத்த படை அந்தக் கீறலைப் பிடித்துக் கொண்டு இன்னும் இறுக்கமாக உட்காரும். புளிப்புத்தான் இதற்கு மருந்து. சமையலுக்கு வாங்கும் 4 சதவீத வினாகிரி போதும். ஒரு கிராம் படையைக் கரைக்க அந்த வினாகிரி 30 மில்லிலீற்றர் வேண்டும். மாசக்கணக்கில் விட்டு 22 கிராமைக் கரைக்கப் போனால் ஒரு போத்தலுக்குக் கிட்ட முடிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் செய்தால் அரைப் போத்தலும் செல்லாது, நேரமும் குறைவு.

வினாகிரி ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து, படை மூழ்கும் அளவுக்கு ஊற்றுங்கள். பாதிக் கேத்தலுக்கு மேல் வேண்டாம், பொங்கி வெளியே வரும். சூடாக்கி, கரண்டை நிறுத்தி, வயரைக் கழற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். சின்னச் சின்னக் குமிழ் வருவது கல் கரைந்து வாயு போவதன் அடையாளம். குமிழ் நின்றதும் ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் துணியால் துடைத்து, நல்ல தண்ணி இரண்டு தரம் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். வினாகிரி வாசனை பிடிக்காதவர்கள் பலசரக்குக் கடையில் சித்திரிக் அமிலத் தூள் வாங்கி, ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணிக்கு ஒரு மேசைக் கரண்டி போடலாம். அதைக் கொதிக்க வைக்க வேண்டாம், சூடு கூடினால் வேறு ஒரு வெள்ளைப் பொருளாகத் திரும்பப் படியும். எலுமிச்சங்காய் மலிவான காலத்தில் இரண்டு மூன்று காயின் சாறும் வேலை செய்யும்.

அலுமினியப் பாத்திரத்தில் புளிப்பை இரவு முழுவதும் விடக் கூடாது, பாத்திரத்தையே தின்னும். மின் கேத்தலின் அடியையும் வயர் பொருந்தும் இடத்தையும் தண்ணியில் அமிழ்த்தக் கூடாது. வினாகிரியையும் கக்கூஸ் கழுவும் குளோரினையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, அதில் இருந்து வரும் வாயு நெஞ்சை அடைக்கும்.

கேத்தலுக்கு மழைத் தண்ணியோ, ஊரில் ஆர்.ஓ. மெசினில் வடித்து விற்கும் தண்ணியோ ஊற்றினால் படை பிடிப்பது பெரிய அளவில் நின்று போகும். குடிக்க வாங்கும் தண்ணியையே கேத்தலுக்கும் ஊற்றுவது வீண் செலவு இல்லை. மழைத் தண்ணி பிடிப்பவர்கள் முதல் மழையை விட்டுவிட்டு, கூரை கழுவுப்பட்ட பிறகு பிடியுங்கள், நுளம்பு போகாமல் வலை கட்டுங்கள். வீடு வீடாக வந்து விற்கும் கரித்தூள் பில்டர் மணத்தையும் நிறத்தையும் எடுக்கும், கரைந்த சுண்ணாம்பை எடுக்காது. குழாயில் காந்தம் கட்டினால் எல்லாம் சரியாகும் என்று சொல்பவர்களிடம் காசைக் கொடுக்க முன் இரண்டு தரம் யோசியுங்கள்.

ஓட்டோ ஓட்டும் தம்பிமாருக்கு ஒரு சொல். பெற்றறிக்குக் கிணற்றுத் தண்ணி ஊற்ற வேண்டாம். கடையில் விற்கும் வடிநீர் மட்டும்தான்.

கிட்னி பயம்

கேத்தலில் உள்ள வெள்ளைக் கல் விஷம் இல்லை. கல்சியமும் மக்னீசியமும் உடம்புக்குத் தேவையான பொருள்கள். கேத்தலில் கல் பிடிப்பதைப் பார்த்து, வயிற்றிலும் அப்படியே பிடிக்கும் என்று எண்ணி சிலர் தண்ணி குடிப்பதையே குறைக்கிறார்கள். வெயில் ஊரில் அதுதான் ஆபத்து. சிறுநீரகக் கல் உண்டாவதற்கு தண்ணி போதாமல் குடிப்பது ஒரு பெரிய காரணம்.

ஆனால் வடமத்திய மாகாணத்தில் 1990களில் கவனத்துக்கு வந்த நாட்பட்ட சிறுநீரக நோய் உண்மையானது. சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத விவசாயிகளுக்கும் அது வந்தது. நமது மாத்தளை மாவட்டத்தில் வில்கமுவப் பகுதியிலும் கண்டிருக்கிறார்கள். தண்ணியின் வன்மை, புளோரைட்டு, விவசாய மருந்து, வெயிலில் உடம்பு காய்வது என்று பல காரணங்களை ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். இதுதான் ஒரே காரணம் என்று இன்னும் முடிவாகவில்லை.

இதில் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது புளோரைட்டு. அது கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாது, கேத்தலில் வெள்ளையாகவும் பிடிக்காது. கேத்தல் சுத்தமாக இருக்கிறது என்பதால் தண்ணி நல்லது என்று சொல்ல முடியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது. ஒரு லீற்றரை அரை லீற்றராக வற்றக் காய்ச்சினால் மிஞ்சிய தண்ணியில் அது இரண்டு மடங்காக நிற்கும். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க போன்றவர்கள் 1980களில் இருந்தே உலர் வலயக் கிணறுகளில் புளோரைட்டு அதிகம் என்று எழுதி வந்திருக்கிறார்கள். நிரந்தரப் பல் உருவாகும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், பிள்ளைகள் அந்தத் தண்ணியைக் குடித்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் மண்ணிறக் கறையும் விழும். எந்தப் பல்பொடியாலும் அது போகாது. பேரப் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது பல்லைப் பார்த்து "ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை" என்று ஏச முன் இதையும் நினையுங்கள். ஆர்.ஓ. மெசின் புளோரைட்டையும் பெரும்பகுதி எடுத்துவிடும். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் முதலில் அந்தத் தண்ணி பிள்ளைக்கு, பிறகுதான் கேத்தலுக்கு.

தண்ணியைச் சோதிப்பது

வன்மையை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரே மாதிரி இரண்டு போத்தல் எடுங்கள். ஒன்றில் மழைத் தண்ணி அல்லது நமது பீலித் தண்ணி, மற்றதில் அங்கத்தைக் குழாய்த் தண்ணி, இரண்டிலும் பாதி அளவு. கட்டிச் சவர்க்காரத்தைக் கரைத்த தண்ணியில் பத்துத் துளி இரண்டிலும் விட்டு மூடிக் குலுக்குங்கள். ஒன்றில் நுரை எழும்பி நிற்கும். மற்றதில் நுரை இல்லாமல் பால் மாதிரிக் கலங்கினால் அது வன்னீர். பிள்ளைகள் விரும்பிச் செய்வார்கள்.

புளோரைட்டை இப்படிப் பார்க்க முடியாது. ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் குடிநீர்த் தரத்தில் ஒரு லீற்றருக்கு மொத்த வன்மை 250 மில்லிகிராமுக்கும், புளோரைட்டு 1 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. கிணற்றுத் தண்ணி குடிக்கும் வீட்டார் தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை அலுவலகத்திலோ சோதிக்கும் வழியைக் கேளுங்கள். ஒரு லீற்றர் பிளாஸ்டிக் போத்தலை அதே தண்ணியால் மூன்று தரம் அலசி, கிணற்றில் கொஞ்ச நேரம் இறைத்துவிட்டுப் பிறகு நிரப்பி, எந்தக் கிணறு, எந்தத் திகதி என்று ஒட்டிக் கொண்டு போங்கள். சோடாப் போத்தலும் எண்ணெய்ப் போத்தலும் வேண்டாம். முடிவு கையில் கிடைத்ததும் இரண்டு இலக்கத்தையும் குறித்துக் கொண்டு வாருங்கள், கந்தோரில் நாங்கள் பார்த்து விளக்கிச் சொல்கிறோம்.